அன்னமும் மனமும்

உண்ட அன்னத்தின் நுண்ணிய பகுதியே மனமாகிறது என்கிறது சாந்தோக்ய உபநிடதம். இதனை உணர்த்த உத்தாலகர், தம் மகன் சுவேதகேதுவை 15 நாட்கள் நீர் மட்டும் அருந்தி உபவாசம் இருக்கச் செய்தார். கற்ற வேதங்கள் அவன் நினைவுக்கு வரவில்லை, உண்டபின் மீண்டன.

இரும்புச்சத்து குறைந்தால் குழந்தையின் கவனமும் கற்கும் திறனும் குன்றும் என்பது இன்றைய மருத்துவம். பசித்தவனின் சினத்தையும் சோர்வையும் குணக்கேடு என்று இகழ்வது முறையாகுமா?

கொள்ளேகால் வழியாக மாதேஸ்வர மலைக்குச் செல்லும் அடியார்களுக்கு அங்கே இடப்படும் அன்னம் 'தாசோகம்' எனப்படும். கர்நாடகப் பள்ளிகளின் மதிய உணவுத் திட்டத்தின் பெயரும் 'அட்சர தாசோகம்'. எழுத்தோடு அன்னமும் இணைந்தது.

விரும்பி ஏற்ற உபவாசம் தவம். வறுமை சுமத்திய பட்டினி தவமாகாது. சுவேதகேதுவுக்கு உபவாச முடிவில் உணவு காத்திருந்தது. ஏழைக்கு அதை அளிப்பது சமுதாயத்தின் கடன். மனத்தை அடக்குமாறு உபதேசிக்குமுன், 'உண்டாயா?' என்று கேட்பதே அறம்.