பூஜ்யத்துக்குக் கீழே

2013 டிசம்பரில் ஏவப்பட்டு 2025 ஜனவரி வரை வானத்தை அளந்த ஐரோப்பிய விண்கலம் கையா. 2022ல் வெளியான அதன் அட்டவணையில் கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் இடமாறு தோற்றம் பூஜ்யத்துக்குக் கீழே பதிவாகியிருக்கிறது. முதலில் பார்த்தபோது ஏதோ அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

பூமி சூரியனைச் சுற்றுவதால், கிட்டத்து நட்சத்திரம் தூரத்துப் பின்னணியில் வருஷந்தோறும் லேசாக ஆடுவதுபோல் தோன்றும். அந்த ஆட்டத்தின் பாதியே இடமாறு தோற்றம். அது குறையக் குறையத் தூரம் கூடும். பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் தூரத்துக்கு அர்த்தமே இல்லை. 1838ல் பெஸ்ஸல் 61 சிக்னிக்குக் கண்டது 0.314 கோண விநாடி. பத்தாயிரம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ளதற்கு அது 0.0003 மட்டுமே. மிக மங்கலான நட்சத்திரங்களில் கையாவின் பிழையே ஏறக்குறைய 0.0005. ஆட்டத்தைவிடக் கை நடுக்கம் பெரிது. நடுக்கம் எதிர்த்திசையில் விழும்போது ஆட்டம் தலைகீழாகப் பதிவாகிறது.

அபத்தமான எண்களை அடித்துவிடலாமே? அடித்தால், மேல்பக்கம் தவறியவை மட்டும் நியாயமான முகத்தோடு மிஞ்சும். சராசரி ஏறி, கூட்டம் முழுவதும் உள்ளதைவிட நமக்குக் கிட்டத்தில் வந்து நிற்கும். தனியாக எடுத்தால் அந்த எண் பொய்தான், சந்தேகமில்லை. ஆனால் அதை விலக்கினால் மற்றவையும் சேர்ந்து பொய்யாகின்றன.

ஹெண்டர்சன் 1832-33ல் நன்னம்பிக்கை முனையிலிருந்து ஆல்ஃபா செண்டாரியை அளந்தவர். கிடைத்த எண்ணை நம்பாமல் 1839 வரை வெளியிடவில்லை, பெஸ்ஸல் முந்திக்கொண்டார். இதை அடக்கம் என்று புகழ்கிறார்கள். நம்பத் தகுந்தது எது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிட்ட மனசும் அதில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. (அவருக்கு முன் பலர் அவசரப்பட்டு அவமானப்பட்டதும் உண்மை.)

இதை எழுத எனக்கு யோக்யதை குறைவு. சென்ற வருஷம், இறந்துபோன ஒரு நண்பரைப் பற்றிய என் பழைய நாட்குறிப்புகளைப் பிரதி எடுத்தேன். காரணமே தெரியாமல் அவரை வெறுத்த சில நாட்கள் அவற்றில் இருந்தன. அந்த வெறுப்பு நிஜமாயிருக்க முடியாது, மனநிலையின் கோளாறு என்று அந்தப் பக்கங்களை விட்டுவிட்டேன். இப்போது படித்தால் அவருக்கு வெகு கிட்டத்தில் இருந்தவனாகத் தெரிகிறேன். அசல் நோட்டுகள் பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டன.