பறப்பு நேரமும் பற்றற்ற செயலும்

ஒரு தொழிலை அடுத்த தொழிலுக்கு ஏறும் படியாகவே மேற்கொள்பவர் அதன் அறத்தைக் காக்க முடியுமா என்ற வினா, அமெரிக்காவில் வணிக விமானி உரிமம், அதாவது ஊதியம் பெற்று விமானம் ஓட்டுவதற்கான அரசு அனுமதி, புதிதாகப் பெற்றவர்களிடம் கூர்மையாக எழுகிறது. 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் நிறுவன விமானம் விழுந்து 50 பேர் இறந்ததை அடுத்து, பயணிகள் விமானத்தின் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும் என்ற விதி 2013-இல் வந்தது. அவ்விபத்தில் இறந்த விமானிகள் இருவரும் அந்த அளவைக் கடந்தவர்களே என்பதும் நினைக்கத்தக்கது. உரிமம் பெறும்போது ஏறத்தாழ 250 மணி நேரமே கைவசம் இருப்பதால், விளம்பரப் பதாகை இழுத்தல், எண்ணெய்க் குழாய்களை வானிலிருந்து கண்காணித்தல் போன்ற வேலைகள் இருப்பினும், பலர் பறத்தல் கற்பிக்கும் பயிற்றுநராகின்றனர்.

மாணவர் விமானத்தைச் செலுத்தினாலும், உடன் அமர்ந்து கற்பிக்கும் நேரத்தைப் பயிற்றுநர் தம் பதிவேட்டில் தலைமை விமானியின் நேரமாகக் குறித்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அந்த நேரத்துக்குப் பணம் கட்டுபவர் மாணவர். பயிற்சி நீள நீளப் பயிற்றுநரின் கணக்கு வளர்கிறது. மாணவர் தேறிவிட்டார் என்று தெளிந்து, ஒப்புதல் கையெழுத்திட்டு, தாம் இறங்கிக்கொண்டு அவரை முதன்முறையாகத் தனியே பறக்கவிடும்போதோ, ஒரு நிமிடம்கூட அக்கணக்கில் சேர்வதில்லை. கற்பித்தல் நிறைவேறும் இடமும் கற்பிப்பவரின் ஆதாயம் நிற்கும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

மனிதரை வெறும் கருவியாக நடத்தலாகாது என்று 1785-இல் வெளியான தம் நூலில் நெறி வகுத்த இம்மானுவேல் காண்ட், பிறரால் பயன் பெறுவதை விலக்கவில்லை. அவர்தம் நோக்கங்களை மதியாமல் பயன் பெறுவதையே விலக்கினார். கீதை கூறும் கர்மயோகத்தை, அதாவது பலனில் பற்று வையாமல் கடமை ஆற்றுவதை, குறிக்கோளே இல்லாதிருத்தல் என்று கொள்வது பிழை; குறிக்கோளுடைய ஒரு போரையே அர்ச்சுனன் நிகழ்த்த வேண்டியிருந்தது. ஆகவே பெரிய விமானத்தின் இருக்கையை ஓர் இளம் பயிற்றுநர் விரும்புவதில் குற்றமில்லை. அவ்விருப்பம் மாணவரைப் பற்றிய தீர்ப்பினுள் நுழைவதே குற்றம்.

தரையைத் தொடுமுன் மாணவர் விமானத்தின் மூக்கை அளவு மீறி உயர்த்திவிட்டால், ஓடுபாதைக்குச் சில அடி மேலே அது வேகம் இழந்து மிதக்கிறது. உடனே கைகொடுத்தால் அவர் திருத்தக் கற்க மாட்டார், தாமதித்தால் சக்கரம் முறியலாம். அந்த இரண்டு மூன்று நொடிகளில் மணிக்கணக்கு எவர் நினைவுக்கும் வராது. அங்கே பற்றின்மை முயலாமலே கைகூடுகிறது. கடினமானது, தரையிறங்கியபின் மேசை முன் அமர்ந்து, இன்னும் ஐந்து பாடங்கள் தேவையா என்று முடிவெடுக்கும் அமைதியான வேளையே. அம்முடிவைத் தனிமனிதரின் மனச்சான்றிடமே விட்டுவிடாமல், மாணவரின் தேர்ச்சியை வேறொரு பயிற்றுநரைக் கொண்டு இடையிடையே சோதிக்கும் பள்ளிகள் மாணவருக்கு மட்டுமன்றி, ஆசைக்கும் கடமைக்கும் நடுவே நிற்கும் அந்த இளம் பயிற்றுநருக்கும் நன்மையே செய்கின்றன.