கண்டும் காணாதிருத்தல் தகுமா?

எம்பெருமானின் திருவருளால் எமது ஆலயத்தின் இவ்வாண்டு மலரும் அடியார்கள் கைகளில் தவழ்கின்றது. வழமையாகத் திருப்பணி பற்றியே எழுதிவந்த அடியேன், இம்முறை நெடுநாளாக மனதை உறுத்தும் ஒரு விடயத்தை எழுதத் துணிந்தேன். அயல் வீட்டில் ஒரு பிள்ளை துன்புறுவதைக் கண்டவன், அது பிறர் வீட்டு விடயம் என்று விலகிப் போகலாமா என்பதே அது.

சுவாமி தரிசனம் முடிந்ததும் நாம் எல்லோரும் சண்டேசுவரர் சந்நிதியில் மெல்லக் கைதட்டி வணங்குகின்றோம். அவர் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் கூறுகின்றார். சேய்ஞலூரிற் பிறந்த விசாரசருமர் என்னும் சிறுவர், கன்று ஈன்ற பசுவொன்றை இடையன் கோலால் அடிப்பதைக் கண்டார். பசு அவருடையதல்ல. அடித்தவன் அவரிடம் வேலை செய்பவனும் அல்லன். இருந்தும் அவர் தடுத்தார். தடுத்ததோடு நில்லாமல், இனி நானே மேய்க்கின்றேன் என்று பொறுப்பையும் ஏற்றார்.

பின்னர் மணலிலே இலிங்கம் அமைத்துப் பாலபிடேகம் செய்த அச்சிறுவரைத் தந்தையார் கோலால் அடித்துப் பாற்குடத்தையும் காலால் இடறினார். தந்தையின் கால்கள் வெட்டுண்டதை நாம் அறிவோம். இறுதியில் இறைவன் தோன்றி, அடிபட்ட பிள்ளையை அணைத்து, இனி உனக்கு நாமே தந்தை என்று ஏற்றுக்கொண்டார். பெற்றவர் என்பதற்காகப் பிள்ளையை என்னவும் செய்யும் உரித்து எவருக்கும் இல்லை என்பதே இதில் அடியேனின் சிற்றறிவுக்கு எட்டிய பொருள். "அடியாத மாடு படியாது" என்று பேசும் நாம், மாட்டை அடிப்பதையே பொறாத ஒருவரை அன்றோ நாள்தோறும் வணங்குகின்றோம்!

இதை எழுதும் தகுதி அடியேனுக்கு உண்டா என்பது வேறு கேள்வி. 1990களின் முற்பகுதியில் நான் இலிகிதராகக் கடமையாற்றிய காலத்தில், எங்கள் அயலில் ஒரு வீட்டில் பத்து வயதளவில் ஒரு சிறுமி நின்றாள். தூரத்து உறவு என்று சொல்லி வன்னிப் பக்கமிருந்து கொண்டுவந்து விட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் போனதில்லை. இரவில் அழுகுரல் கேட்கும். "ஒருக்கால் போய்க் கேளுங்கோவன்" என்று என் மனைவி சொல்வாள். "பிறத்தியார் வீட்டு விசயம், எங்களுக்கேன்?" என்று சொல்லிவிடுவேன். திருவிழாக் காலத்தில் அன்னதானப் பந்தியில் அவள் இரண்டாம் முறையும் வந்து இருந்தாள். முழங்கையில் சூட்டுத் தழும்பு தெரிந்தது. கறி பரிமாறியது அடியேன்தான். தழும்பைக் கண்டேன், அடுத்த இலைக்குப் போய்விட்டேன். 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வோடு எல்லோரும் சிதறினோம். அந்தப் பிள்ளை என்ன ஆனாள் என்று இன்றுவரை தெரியாது. பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

எமது மக்களுக்கு இரக்கம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 2015 மே மாதம் புங்குடுதீவில் 18 வயது மாணவி கொல்லப்பட்டபோது குடாநாடே கொதித்தெழுந்தது. 2018 யூனில் சுழிபுரம் காட்டுப்புலத்தில் ஆறு வயதுப் பாலகி கொல்லப்பட்டபோதும் மாணவர்களும் பெற்றாரும் வீதிக்கு வந்தனர். மலையகத்தின் டயகமவிலிருந்து கொழும்பில் வீட்டு வேலைக்கு விடப்பட்ட 16 வயதுச் சிறுமி 2021 யூலையில் தீக்காயங்களோடு இறந்தபோதும் நாம் கண்ணீர் விட்டோம். ஆயினும் இறந்த பிள்ளைக்காக வீதிக்கு வரும் நாம், உயிரோடு அழும் பிள்ளைக்காக வேலியைத் தாண்டுவதில்லை.

துஷ்பிரயோகம் என்றால் பாலியல் கொடுமை மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். அடித்தல், சுடுதல், ஓயாது இழித்துரைத்தல், உணவு, மருந்து, படிப்பு என்பவற்றைக் கொடாது விடுதல் யாவும் அதனுள் அடங்கும். 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தால் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட 308அ பிரிவின்படி, தன் பொறுப்பிலுள்ள 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேண்டுமென்றே தாக்குவது மட்டுமன்றிப் புறக்கணிப்பதும் கைவிடுவதும் குற்றமே. பதினாறு வயது வரை கல்வி கட்டாயம். 2021 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு அமர்த்துவதும் தடை.

பிள்ளைகள் வாயால் சொல்வது குறைவு. உடம்பும் நடத்தையுமே சொல்லும். காரணம் சொல்லமுடியாத காயங்கள், தீராத பசி, அடிக்கடி பள்ளிக்கூடம் போகாமை, குறித்த ஒருவரைக் கண்டால் ஒடுங்குதல், பூசை முடிந்தும் வீடு போக விரும்பாது வீதியில் நிற்றல் என்பன கவனிக்க வேண்டியவை. இவற்றுள் ஒன்று தெரிந்தால் கொடுமை உறுதி என்பதல்ல. விசாரித்துப் பார்க்க வேண்டும் என்பதே பொருள்.

பிள்ளை வாய் திறந்தால் பொறுமையாகக் கேளுங்கள். அதன்மேல் பழி சொல்லாதீர்கள். ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். கிராம அலுவலரிடமோ, பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ, பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவிலோ தெரிவியுங்கள். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் இலக்கத்துக்கு எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

"பொய்யாகிவிட்டால் பாவமல்லவா? குடும்ப மானம் போகாதா?" என்று கேட்பார்கள். நியாயமான பயந்தான். ஆயினும் முறைப்பாடு தீர்ப்பு அல்ல. இலிகிதனாக இருந்தவனுக்கு இது தெரியும்: அது கோவையில் வைக்கப்படும் முதற்தாள் மட்டுமே. உண்மை பொய்யைப் பார்ப்பதற்கு உத்தியோகத்தர், வைத்தியர், நீதிமன்றம் எல்லாம் உண்டு. ஆனால் முதற்தாள் இல்லாமல் எந்தக் கோவையும் திறக்கப்படுவதில்லை. கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள், ஊரெல்லாம் கதைக்காதீர்கள். தாய் வெளிநாடு போக அம்மம்மாவோடு வளரும் பிள்ளைக்கோ, போரில் பெற்றாரை இழந்தவர்கள் திண்டாடி வளர்க்கும் பிள்ளைக்கோ வேண்டியது சில வேளை பொலிஸ் அல்ல, ஒரு நேரச் சாப்பாடும் துணையுமே. அதைச் செய்வதும் பொறுப்பேற்பதே.

ஆலயத்துக்கும் ஒரு கடமை உண்டு. இத்தகைய விடயங்களை மண்டபத்தில் வைத்து இரு பகுதியையும் சமாதானப்படுத்தி மூடிவிடும் வழக்கம் எங்கும் இருக்கக் கூடாது. குற்றம் சாட்டப்படுபவர் உபயகாரராயினும், தர்மகர்த்தாவாயினும் சரியே. அன்னதான மடத்துச் சுவரில் 1929 என்னும் இலக்கத்தைப் பெரிதாக எழுதிவைக்க வேண்டும் என்று பரிபாலன சபையிடம் கேட்டிருக்கின்றேன்.

அடுத்த முறை சண்டேசுவரர் சந்நிதியில் கைதட்டும்போது, ஒரு சிறுவர் கண்டார், தடுத்தார், பொறுப்பேற்றார் என்பதை நினைவிற் கொள்வோம். அன்று அடுத்த இலைக்குப் போன அடியேனின் பிழையை இவ்வூரில் இனி ஒருவரும் செய்யாதிருக்க எம்பெருமான் அருள்பாலிப்பாராக.