போதும் என்றொரு பெயர்

மாசிடோனிய மொழியில் ‘தோஸ்தா’ என்றால் ‘போதும்’. அங்கே அது பெண்ணுக்கு வைக்கும் பெயரும்கூட. மகனுக்காகக் காத்திருந்த வீட்டில் மகள்களே பிறந்தால், ‘இனிப் பெண் வேண்டாம்’ என்ற வேண்டுதலாக இப்படிப் பெயர் வைப்பது தென் ஸ்லாவிய மக்களிடம் இருந்த பழைய வழக்கம். இதை அறிந்தபோது எனக்கு வியப்பு வரவில்லை. போதும்பொண்ணு, வேண்டாம் என்ற பெயர்கள் நம் பள்ளி வருகைப் பதிவேடுகளிலும் உண்டு.

என்னை யோசிக்க வைத்தது இன்னொரு பெயர்: ஸ்தோயான். ‘நில்’ என்ற வினையிலிருந்து வந்தது. பச்சைக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த காலத்தில், ‘நீயாவது தங்கு’ என்று மகனுக்கு வைத்த பெயர். அதன் பெண்பால் ஸ்தோயான்கா. இதற்கு இரண்டு பொருள் சொல்கிறார்கள். ‘நீ பிழைத்து நில்’ என்பது ஒன்று. ‘பெண் பிறப்பது உன்னோடு நிற்கட்டும்’ என்பது மற்றொன்று. நிலைத்து நிற்பதும் நின்றுபோவதும் தமிழிலும் ஒரே வினைதான். ஆசையா, மறுப்பா என்பது பெயர் வைத்த வீட்டுக்குத்தான் தெரியும்.

“பெயரில் என்ன இருக்கிறது, பாசமாகத்தானே வளர்த்தோம்” என்பார்கள். பாசம் பொய்யில்லை. ஆனால், ‘போதும்’ என்பது அந்தக் குழந்தையிடம் சொன்ன சொல் அல்ல, விதியிடம் சொன்னது. அதை எழுதி அனுப்பும் தாளாக அவள் ஆனாள். ஒவ்வொரு முறை அவளை அழைக்கும்போதும் வேறு யாரிடமோ முறையிடுகிறார்கள். நான் தவறு என்று சொல்வது இதைத்தான்.

அந்தப் ‘போதும்’ சில வீடுகளில் தாயின் குரலாகவும் இருந்திருக்கும். பெற்றுப் பெற்று ஓய்ந்த உடம்பின் குரல். கணவனிடமும் மாமியாரிடமும் சொல்ல முடியாததை மகளின் தலையில் வைத்தாள் என்றால், அவளைக் குற்றம் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனாலும் சுமந்தவள் மகள்தான்.

1954இல் ஸ்கோப்யேவில் பிறந்த தோஸ்தா திமோவ்ஸ்கா, 1999 முதல் 2001 வரை மாசிடோனியாவின் உள்துறை அமைச்சராக இருந்தார். ஆயுத மோதல் வெடித்த நாட்களில் அரசு ஆணைகளில் இருந்த கையெழுத்து ‘போதும்’. அந்த மண்ணில் பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைப்பதும் வழக்கம். அப்படி வரும்போது அதே பெயர் மறுப்பாக இல்லாமல் உறவாக வந்து சேர்கிறது. பெயரின் பொருள் முதலில் வைத்தவரோடு முடிந்துவிடுவதில்லை.

அதனால் ஒருத்தி இப்பெயரை மாற்றினாலும் சரி, வைத்துக்கொண்டாலும் சரி, முடிவு அவளுடையது. அவள் வாழ்ந்து காட்டிவிட்டாள் என்பதைச் சாக்காகக் காட்டி, பெயர் வைத்தவர்களின் கணக்கை மட்டும் நாம் தீர்த்துவிடக் கூடாது.