பூட்டிய அறையும் திறந்த திண்ணையும்



சேலம் மாவட்டம், இளம்பிள்ளைக்கு அருகே கஞ்சமலை அடிவாரத்தில் இருக்கிறது சித்தர்கோயில். அமாவாசை என்றால் அங்கே கூட்டம் அலைமோதும். சென்ற அமாவாசையன்று சித்தேஸ்வரரைத் தரிசித்துவிட்டு இளம்பிள்ளைக்குப் போனேன். அந்த ஊர்ப் பக்கம் போய்விட்டுப் புடவை வாங்காமல் திரும்ப மனம் வருமா?

நான் போன நெசவாளர் வீட்டுத் திண்ணையில் ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பெண் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். தான் எடுத்த குறிப்புகளை, அதே தேர்வை எழுதப்போகும் தெருப் பெண்களுக்கும் கொடுத்து, காசு வாங்காமல் சொல்லியும் தருகிறாள்.

அவளுடைய அம்மா என்னை உள்ளே அழைத்து மெதுவாகக் கேட்டார்: "புது டிசைன் போட்டா பக்கத்து வீட்டுக்குக்கூடக் காட்டமாட்டோம்ங்க. இவ என்னடான்னா, ராத்திரி கண்ணு முழிச்சு எழுதினதை எல்லாம் வாரிக் குடுக்கறா. நாளைக்கு வேலை அந்தப் புள்ளைங்களுக்குப் போயிட்டா? நீங்களாச்சும் புத்தி சொல்லுங்க."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பெற்ற வயிற்றின் பயம் அல்லவா அது!

திரும்பும்போது கஞ்சமலை கண்ணில் பட்டது. அந்த மலையைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மூலிகை தேடித் திருமூலர் அங்கே வந்தாராம். உடன் வந்த வயதான சீடர் சோறு பொங்கும்போது, கையில் கிடைத்த ஒரு செடியின் குச்சியால் கிளறினார். சோறு கறுத்துப் போனது. குரு கோபிப்பாரே என்று பயந்து, அதைத் தாமே உண்டுவிட்டார். உடனே இளைஞராகிவிட்டார்! அந்தச் செடி எது? இன்றுவரை யாருக்கும் தெரியாது. அடுத்தவருக்குச் சொல்லாமல் போன வித்தை, மலை முழுக்கத் தேடினாலும் கிடைப்பதில்லை.

தேவாரத்துக்கு நேர்ந்ததும் நமக்குத் தெரியும். மூவர் பாடிய பதிகங்கள் தில்லையில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடந்தன. ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் முயன்று கதவைத் திறக்கச் செய்தபோது, சுவடிகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் ஊற்றி எடுத்தார்கள். கரையான் தின்றது போக மிஞ்சியதைத்தான் இன்று நாம் பாடுகிறோம். பூட்டியவர்கள் பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் பூட்டியிருப்பார்கள். ஆனால் கரையானுக்குப் பூட்டு ஒரு தடையா?

திறந்து கொடுத்த கை ஒன்றும் உண்டு. அது சேலத்துக் கை! 1880-ஆம் ஆண்டு, கும்பகோணத்துக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்தார் சேலம் இராமசாமி முதலியார். அங்கே கல்லூரியில் தமிழ் ஆசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையரிடம், "சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். ஐயருக்கு அந்த நூல் கிடைத்ததே இல்லை. முதலியார் தம்மிடம் இருந்த பிரதியை அவர் கையில் கொடுத்தார். அது சமண நூல், ஐயரோ சிவபக்தர். கும்பகோணத்துச் சமணர்கள் வேறுபாடு பார்க்காமல் அவருக்கு விளக்கம் சொன்னார்கள். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. அதன்பின் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு என்று ஐயர் பதிப்பித்துக்கொண்டே போனார். முதலியார் கொடுத்தது ஒரு பிரதி. தமிழ்நாடு பெற்றது ஒரு புதையல்!

இன்றும் அந்தக் கைகள் ஓயவில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்' வழியாக, பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியம் வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். திருமுறைகளும் திவ்யப் பிரபந்தமும் அதில் உண்டு. நம் கைபேசியிலேயே இலவசமாகப் படிக்கலாம்.

அந்தத் தாயின் பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். வேலை சிலருக்குத்தான் கிடைக்கும். தேர்வு எழுதுபவர்களோ ஏராளம். ஆனால், அவள் பங்கிட்டது வேலையை அல்ல, வித்தையை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்த சுமங்கலிக்குக் குங்குமம் கொடுக்கும்போது, நம் நெற்றியில் இருப்பது குறைந்துவிடும் என்றா நினைக்கிறோம்?

விடைபெறும்போது அந்தப் பெண்ணிடமே கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நாலு பேருக்குச் சொன்னாத்தாங்க எனக்கே மறக்காம நிக்குது. அவங்க கேக்கற கேள்வியிலதான் நான் விட்டது எதுன்னு தெரியுது." அம்மா ஒன்றும் பேசவில்லை. ஆனால் திண்ணையில் இருந்தவர்களுக்கும் சேர்த்துக் காபி கொண்டுவந்து வைத்தார்.

சகோதரிகளே, சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் வைக்கிறோம். பரணில் கிடக்கும், நம் பிள்ளைகள் படித்து முடித்த பாடப் புத்தகங்கள்? இந்த விஜயதசமிக்கு அவற்றை இறக்கித் தூசி தட்டி, தேவைப்படும் ஒரு குழந்தையின் கையில் கொடுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு ஸ்லோகத்தையோ, ஒரு கணக்கையோ பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுங்கள். கலைமகளுக்கு அதைவிடப் பெரிய நிவேதனம் வேறு என்ன இருக்கிறது?