மெத்துசேலாவின் வயதும் நம் பிள்ளைகளின் கேள்வியும்



இன்று பொதுக்காலம் 18-ஆம் ஞாயிறு. ஒருவர் பாடுபட்டுச் சேர்த்ததைப் பாடுபடாத இன்னொருவர் கொண்டுபோவதைப் பார்த்து மனம் நொந்து பேசுகிறார் சபை உரையாளர். நற்செய்தியில் வரும் செல்வன் பல ஆண்டுகளுக்குத் திட்டம் போடுகிறான். அன்றிரவே அவன் உயிர் கேட்கப்படுகிறது. இரண்டுக்கும் நடுவில் நாம் பாடிய திருப்பாடல் 90, எங்கள் நாள்களை எண்ணக் கற்றுக்கொடும் என்று ஆண்டவரிடம் வேண்டுகிறது.

நாள்களை எண்ணுவது என்றதும், மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்கும் ஒரு கேள்வியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஆதாம் 930 ஆண்டுகள், நோவா 950, மெத்துசேலா 969 என்று தொடக்கநூல் சொல்கிறதே ஃபாதர், அது நிஜமா? பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் என்று பாடம் இருக்கிறதே, எதை நம்புவது? பெற்றோர் சிலர், “பரீட்சைக்கு மட்டும் எழுது, நம்பாதே” என்று சொல்லி அனுப்புகிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். தாளில் ஒன்றை எழுதி மனத்தில் வேறொன்றை வைத்துக்கொள்ளப் பழகும் பிள்ளை, நாளை பாவசங்கீர்த்தனத்திலும் அதையே செய்யும்.

2023-இல் இந்தக் கேள்வி நாடு முழுவதும் எழுந்தது. என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘பாரம்பரியமும் பரிணாமமும்’ என்றிருந்த பாடம் பாரம்பரியம் என்று மட்டும் சுருங்கிப்போனது. 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் அதைத் திரும்பச் சேர்க்கும்படி திறந்த மடல் எழுதினார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்பதே என் கருத்து. இன்னொன்றையும் கவனியுங்கள்: மிஞ்சியிருந்த அந்தப் பாரம்பரியப் பாடத்தைத் தொடங்கிவைத்தவர் கிரகோர் மெண்டல், புனித அகுஸ்தினார் சபைத் துறவி. மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து எண்ணிப் பார்த்தவர். அறிவியல் நம் வீட்டுக்கு அந்நியம் அல்ல.

பரிணாமத்தைப் பார்க்க நாம் தூரம் போகவும் வேண்டாம். நம் திருப்பூர் ஸ்பின்னிங் மில்களுக்கு வரும் பஞ்சையே எடுத்துக்கொள்ளுங்கள். 2002-இல் நம் நாட்டில் பிடி பருத்திக்கு அனுமதி கிடைத்தது. செடியே நஞ்சு சுரந்து காய்ப்புழுவைக் கொல்லும் என்றார்கள், கொன்றது. ஆனால் அந்த நஞ்சைத் தாங்கக்கூடிய சில புழுக்கள் பிழைத்தன. அவற்றின் குஞ்சுகளுக்கும் அந்தத் தாங்கும் தன்மை வந்தது. 2010 வாக்கில் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சுக்கு மசியவில்லை என்று விதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. பருத்தி விவசாயி இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை; காயைப் பிளந்து பார்த்தபோது கண்டான்.

காலத்தின் நீளமும் அப்படித்தான். 17-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்து பேராயர் அஷர், விவிலிய வயதுகளைக் கூட்டிப் பார்த்து, உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்றார். நம் திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் மனித மூதாதையர் செதுக்கிய கற்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழையவை என்று 2011-இல் ஆய்வு சொன்னது. இந்தக் கற்களை ஒளித்துவைத்துவிட்டு விசுவாசத்தைக் காப்பாற்ற முடியாது.

அப்படியானால் 969 என்ன? சிலர் அவை ஆண்டுகள் அல்ல, மாதங்கள் என்று சமாளிப்பார்கள். பன்னிரண்டால் வகுத்தால் மெத்துசேலாவுக்கு 80 வயது, பொருந்துவதுபோல் தெரியும். ஆனால் ஏனோக்குக்கு 65-இல் பிள்ளை பிறந்ததாகத் தொடக்கநூலின் அதே 5-ஆம் அதிகாரம் சொல்கிறது. அதையும் வகுத்தால் ஐந்தரை வயதுக்குள் தகப்பன்! இந்தக் கணக்கு வேண்டாம். பழைய பிரதிகளிலும் எண்கள் ஒன்றுபோல் இல்லை. சமாரியரின் பிரதியில் மெத்துசேலாவின் வயது 720.

முற்காலத்து மக்கள் தங்கள் தொடக்கத்தைப் பெரிய எண்களால் போற்றினார்கள். சுமேரியரின் அரசர் பட்டியலில் முதல் அரசன் 28,800 ஆண்டுகள் ஆள்கிறான். இறையனார் களவியல் உரை முச்சங்கங்களுக்கு 4,440, 3,700, 1,850 ஆண்டுகள் தருகிறது. மூன்றும் 37-ஆல் மீதமின்றி வகுபடும். பக்கத்து விஜயமங்கலத்துச் சமணக் கோயிலின் சந்திரப்பிரப தீர்த்தங்கரருக்குச் சமண மரபு பல லட்சம் பூர்வங்கள், அதாவது எண்ணிப் பார்க்க முடியாத ஆண்டுகள், ஆயுள் சொல்லும். மகாவீரருக்கு வரும்போது அது 72 ஆண்டுகள். நம் விவிலியத்திலும் ஆபிரகாமுக்கு 175, யாக்கோபுக்கு 147, மோசேக்கு 120 என்று குறைந்துகொண்டே வருகிறது. இதை வரலாற்றுப் பதிவேடாக வாசிப்பது, எழுதியவரின் நோக்கத்தைத் தவறவிடுவது.

அவர் சொல்ல வந்தது எங்கே இருக்கிறது? அந்த அதிகாரத்தை இன்றிரவு வீட்டில் சத்தமாக வாசியுங்கள். நோவாவுக்கு முன் வந்தவர்களில் ஏனோக்கு ஒருவரைத் தவிர ஒவ்வொருவர் பெயரும் சாவில் முடிகிறது. ஒருவரும் ஆயிரத்தைத் தொடவில்லை. இன்றைய திருப்பாடலோ, ஆயிரம் ஆண்டு ஆண்டவருக்குக் கழிந்துபோன நேற்றைய நாள் போன்றது என்கிறது. அப்படிப் பார்த்தால் மெத்துசேலாவே கடவுளின் ஒரு நாளை முழுதாக வாழ்ந்து முடிக்கவில்லை. 365 ஆண்டுகளே இருந்த ஏனோக்கைப் பற்றித்தான், கடவுளோடு நடந்தார் என்று அந்த அதிகாரம் எழுதிவைத்திருக்கிறது.

பரிணாமக் கேள்வியிலும் திருச்சபை தடுமாறவில்லை. 1950-இலேயே திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர், உடலின் தோற்றம் பற்றிப் பரிணாம வழியில் ஆராயத் தடையில்லை, ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்று கற்பித்தார். 1996-இல் புனித இரண்டாம் யோவான் பவுல், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். 2014-இல் திருத்தந்தை பிரான்சிஸ், கடவுளை மந்திரக்கோல் வைத்திருக்கும் வித்தைக்காரராக எண்ணவேண்டாம் என்றார். பிள்ளைகளே, விவிலியம், அறிவியல் இரண்டையும் முழுமனத்தோடு படியுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. நாடு விடுதலை அடைந்தபோது நம் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32. இன்று 70-ஐ ஒட்டி நிற்கிறது. தடுப்பூசியும் நல்ல தண்ணீரும் மருத்துவமும் வழியாகக் கடவுள் கூட்டித்தந்த நாள்கள் இவை. இந்தத் திருப்பூரில் அவற்றை என்ன செய்கிறோம்? மாலைத் திருப்பலிக்குக் கடைசி பெஞ்சில் வந்து உட்காரும் ஜார்க்கண்ட் பையனின் தலைமுடியில் பஞ்சுத் தூசி அப்படியே இருக்கிறது; அயர்ன் டேபிளிலிருந்து நேராக வருகிறான். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு எழவே, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. நம் ஊரில் 12 மணி நேர ஒன்றரை ஷிப்ட் மட்டும் திரும்பப் போகவில்லை. பிசிர் வெட்டும் அம்மாக்கள் ஷிப்மென்ட் நெருங்கினால் ஞாயிறும் நிற்கிறார்கள்.

எசாயா 65-ஆம் அதிகாரம் நீண்ட ஆயுளை வாக்களிக்கும் இடத்திலேயே, ஒருவர் கட்டிய வீட்டில் இன்னொருவர் குடியிருக்கமாட்டார், தம் கை உழைப்பின் பயனைத் தாமே துய்ப்பார் என்கிறது. ஆயுளும் கூலியும் அங்கே ஒரே வாக்குறுதி. இங்கே ஜாப் ஒர்க் யூனிட் நடத்தும் சகோதரர்கள் பலர் இருக்கிறீர்கள். ஆர்டர் நெருக்கடி எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்கிறேன்: ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டைக் கூலியை இந்தச் சனிக்கிழமையிலிருந்து கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மிஷினை நிறுத்துங்கள். பரிணாமப் பாடத்தில் சந்தேகம் உள்ள பிள்ளைகளைத் திருப்பலி முடிந்ததும் பங்கு இல்லத்துக்கு அனுப்புங்கள். புத்தகத்தோடு வரச் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசுவோம்.