கண்டவன் கடமை

தீமையொன்றைக் காணாதவன் அதற்குப் பொறுப்பாளியல்லன் என்பது அறவியலிற் பலரும் ஏற்கும் கருத்து. கண்டவன் எவ்வளவுக்குப் பொறுப்பாளி? இவ்வினாவை ஏட்டளவில் நிறுத்தாது, செய்மதிகளால் இடையறாது நோக்கப்பட்டுவரும் பிறேசிலின் அமேசன் மழைக்காட்டில் வைத்து ஆராய்தல் தகும்.

அந்நாட்டின் தேசிய விண்வெளி ஆய்வு நிறுவனம் 1988 ஆம் ஆண்டு தொடக்கம் அங்கு நிகழும் காடழிவைச் செய்மதிப் படங்கள் கொண்டு ஆண்டுதோறும் அளந்து வருகின்றது. 2004 இல் எச்சரிக்கை முறையொன்றும் அதனுடன் சேர்ந்தது. அழிந்தபின் கணக்கிடுவதோடு அமையாது, அழிவு நிகழ்கையிலேயே அதிகாரிகளை அவ்விடத்துக்கு அனுப்புவது அதன் நோக்கம். 2004 இல் ஏறத்தாழ 27,700 சதுர கிலோமீற்றராயிருந்த அழிவு, 2012 இல் ஏறத்தாழ 4,600 ஆகக் குறைந்தது. இப்பெருமை முழுவதையும் கருவிக்கே அளித்தல் பொருந்தாது. களத்திற் சென்ற அதிகாரிகளுக்கும், சட்டத்தை மீறியோர்க்கு வேளாண் கடனை மறுத்த விதிகளுக்கும் அதிற் பங்குண்டு.

உண்மையிற் கருவி காண்பது யாது? மரம் நின்ற இடத்தில் வெறும் நிலம், அவ்வளவே. உரிமப் பத்திரத்தையும் நில எல்லையையும் சட்டத்தையும் அப்படத்தின்மேல் வைத்து நோக்கிய பின்னரே குற்றம் என்ற சொல் பிறக்கின்றது. அதை உச்சரிக்க வேண்டியவன் மனிதன். அக்கண்ணுக்கும் எல்லையுண்டு. தொடக்கத்தில் எச்சரிக்கை முறை 25 ஹெக்டேயருக்கு மேற்பட்ட வெட்டுகளையே நன்கு காட்டிற்று. காலப்போக்கிற் சிறு துண்டுகளாக வெட்டுதல் பெருகியமை கவனிக்கத்தக்கது. விலைமிக்க மரங்களை மட்டும் தெரிந்து வீழ்த்தினால், ஏனைய மரங்களின் விதானம் அதனைப் பெரிதும் மறைத்துவிடும்.

எனினும், கண்ணின் குறைபாட்டை விட நெஞ்சின் குறைபாடே பெரிது. 2019 இல் அந்நிறுவனத்தின் தரவுகள் பொய்யென அன்றைய சனாதிபதி பொல்சனாறோ சாடினார். அவற்றின் உண்மையைப் பகிரங்கமாக வலியுறுத்திய பணிப்பாளர் றிக்கார்டோ கல்வாவ் பதவி நீக்கப்பட்டார். 2021 இல் அழிவு 13,000 சதுர கிலோமீற்றரைக் கடந்தது. அவ்வாண்டுகளில் செய்மதி குருடாகிவிடவில்லை, படங்கள் வந்துகொண்டேயிருந்தன. ஆட்சி மாறிய 2023 இல் அழிவு மீண்டும் குறைந்தது.

அளத்தலோடு அறிஞனின் கடமை முடிந்தது என்பர் சிலர். யாம் இதற்கு உடன்படோம். அளந்த எண் மறுக்கப்படுமிடத்து அதன் பக்கம் நிற்றலும் அளத்தலின் ஒரு பகுதியே; இன்றேல் அளந்ததன் பயன் யாது?

ஆனால் பொறுப்பு அறிஞனோடும் அரசோடும் நின்றுவிடுவதன்று. வானிலிருந்து தெரிவது இயந்திரவாள் ஏந்திய கூலியாளின் கைவேலை. அவனுக்குப் பணம் கொடுத்தவன் படத்தில் விழுவதில்லை. மரம் பொய்ப் பத்திரத்தோடு ஆலைக்குச் சென்று, நேர்வழியில் வந்த மரத்தோடு கலந்து, பலகையாகிக் கப்பலேறுகின்றது. தொலைநகரொன்றில் அதனை வாங்குபவன் தான் எதையும் காணவில்லை என்பான். அக்காட்டின் படங்களோ எவரும் பார்க்கத்தக்கனவாக வெளியிடப்பட்டிருக்கின்றன.